டேப்லெட்டில் முதலில் வெச்ச படம்

சிறப்புப் பள்ளி டீச்சர் வேலையில பாதி, பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறது. மீதி, பிள்ளைங்களைப் பாக்க வர்றவங்க முன்னாடி சிரிச்சிக்கிட்டு நிக்கிறது. இந்த மீதியை எந்த டிரெய்னிங்லயும் சொல்லித் தர்றதில்ல. இதே வேலையில மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்லப்போறது புரியும். மத்தவங்க என்னைத் திட்டிக்கிட்டே படிக்கலாம், தப்பில்ல.

தண்ணிக்கு முன்னாடி

திருவண்ணாமலையில, கிரிவலப் பாதையை ஒட்டின ஒரு சந்துல எங்க ஸ்கூல். ஓடு போட்ட ஒரே ஹாலு, சுத்தினா சத்தம் போடுற ஒரு ஃபேன். அங்கதான் ஒரு டேப்லெட் வந்து இறங்குச்சி, யாரோ புண்ணியவான் குடுத்தது. வகுப்புக்கே அது ஒண்ணுதான். படத்தைத் தொட்டா, நாம ரெக்கார்டு பண்ணி வெச்ச வார்த்தையை அது சத்தமா சொல்லும். பேச்சு வராத பிள்ளைங்களுக்கு அதுதான் வாய்.

எந்தப் படத்தை முதல்ல வெக்கிறதுன்னு பேச்சு வந்துச்சி. நான் தண்ணின்னேன். ஸ்கூலை நடத்துற கரஸ்பாண்டன்ட் சார் நன்றின்னார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, கும்பிடுற கை படத்தை வெச்சி, என் குரல்லயே "நன்றி"ன்னு பதிஞ்சேன். சார் என்னைச் சமாதானம் வேற பண்ணார்: "தண்ணி வேணும்னா கையைக் காட்டிக் கேட்டுக்கும் டீச்சர், நன்றி சொல்றதுக்குத்தான் மிஷின் வேணும்."

கைதட்டல்

பர்வீன் சீக்கிரமே கத்துக்கிட்டா. பத்து வயசு, பேச்சு வராது, கண்ணுல மட்டும் குறும்பு ஜாஸ்தி. பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்க நிறைய பேர், நடக்கிறதுக்கு முன்னாடி எங்க ஸ்கூல்ல சாப்பாடு போட்டுட்டுப் போவாங்க. ஒரு குடும்பம் கேசரி வெச்சதும் இவ படத்தைத் தொட்டா. "நன்றி"ன்னு என் குரல் ஹால் பூரா கேட்டுச்சி. எல்லாரும் ஓடி வந்து கைதட்டி, கன்னத்தைக் கிள்ளி, வீடியோ எடுத்தாங்க. இன்னொரு தரம் சொல்லுன்னாங்க, இவளும் சொன்னா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பக்கத்துல நான் பரிசு வாங்கினவ மாதிரி நின்னேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் உருகிப்போய்ச் சொன்னார்: "வாய் பேசற எங்க வீட்டுப் பசங்களே இதைச் சொல்றதில்ல டீச்சர்."

விளையாடாதே

ஒரு நாள் மத்தியானம் மத்த பிள்ளைங்களுக்கு மணி கோக்கச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தேன். பர்வீன் மூலையில உக்காந்து "நன்றி, நன்றி, நன்றி"ன்னு அமுக்கிக்கிட்டே இருந்தா. விளையாடாதேன்னேன். நிறுத்தல. என் குரலைக் கேட்டு எனக்கே எரிச்சல் வந்து, டேப்லெட்டைப் பிடுங்கி பீரோ மேல வெச்சிட்டேன். என் புடவையைப் பிடிச்சி இழுத்தா. கையை எடுத்து விட்டேன்.

சாயந்தரம் அவங்க அம்மா வந்து கன்னத்துல கை வெச்சாங்க. அனலா கொதிச்சிது. தலையைத் திருப்பிப் பார்த்தா, காதுல சீழ். எந்நேரமா வலிச்சிதோ, எனக்குத் தெரியாது. பூமி பிளந்து என்னை முழுங்கிடாதான்னு இருந்துச்சி. அந்தம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. குழந்தையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நிதானமா சொன்னாங்க: "அதை அமுக்கினாத்தான எல்லாரும் ஓடி வர்றீங்க டீச்சர், அதான் அமுக்கியிருக்கும்."

வேண்டாம்

மறுநாள் "வலிக்குது", "வீட்டுக்குப் போணும்", "வேண்டாம்" மூணையும் வெச்சேன். காது ஆறி வந்த பர்வீனுக்கு "வேண்டாம்" உசுரா ஆயிடுச்சி. உப்புமா வேண்டாம். பிரேயர் வேண்டாம். தலை வாரினா வேண்டாம். என்னையே காட்டி ஒரு தரம் வேண்டாம்னா. கோவம் வந்துச்சி, சந்தோஷமாவும் இருந்துச்சி.

அடுத்த பௌர்ணமிக்கு அதே குடும்பம் வந்துச்சி. போட்டோவுக்காகப் பெரியவர் கேசரியை அவ வாய்கிட்ட கொண்டு போனார். "வேண்டாம்"னு தொட்டா. அவர் சிரிச்சிக்கிட்டே மறுபடியும் நீட்டினார். மறுபடியும் "வேண்டாம்". குரல் என்னுதில்லையா, எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாத்தாங்க. அவங்க போனதும் சார் என்னைத் தனியா கூப்ட்டார்: "இவங்க வர்ற அன்னிக்கி மட்டும் அந்தப் படத்தை எடுத்துட முடியுமா டீச்சர்?"

ஒரே ஒரு நாள்

எடுத்தேன். அவங்க அனுப்புற அரிசியிலதான் எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிடுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு எடுத்தேன். அதுக்கடுத்த பௌர்ணமிக்கு அவங்க வந்தாங்க, பெரியவர் கேசரியை அவ வாய்கிட்ட நீட்டினார். பர்வீன் படம் இருந்த இடத்தைத் தொட்டா. சத்தம் வரல. இன்னும் அழுத்தித் தொட்டா. அப்புறம் என் முகத்தைப் பாத்தா. நான் ஃபேனைப் பாத்தேன். அவ வாயைத் திறந்துட்டா.

மறுநாளே படத்தைத் திரும்ப வெச்சேன். பர்வீன் இன்னும் அதைத் தொடல. ஆனா என் காதை விட்டுப் போகாதது, அன்னிக்கிக் கிளம்பும்போது அந்தப் பெரியவர் மனசாரச் சொன்னதுதான்: "பாப்பா இன்னிக்கி எவ்ளோ சமத்தா வாங்கிக்கிச்சி, நல்லா பழக்கி வெச்சிருக்கீங்க டீச்சர்."

பேச்சு வராத பிள்ளைங்களைப் பேச வெக்கிறதுதான் என் வேலைன்னு கேக்குறவங்ககிட்ட சொல்லிக்கிறேன்; எந்த வார்த்தை பேசக்கூடாதுன்னு பாத்துக்கிறதும் அதே சம்பளத்துல சேர்ந்துடுது.