நேராக உட்கார ஒரு வீடு

அஸ்மத்துன்னிசா கல்யாணமாகி ராயப்பேட்டைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வாடகை வீடு மாறிவிட்டாள். ஐந்திலும் கக்கூஸ் மேற்குப் பக்கம் பார்த்தோ, மேற்குக்கு முதுகைக் காட்டியோதான் இருந்தது. மேற்கு கிப்லா, தொழுகைக்கு முகம் திருப்பும் திசை. அதற்கு முகமோ முதுகோ காட்டி அந்தக் காரியத்துக்கு உட்காரக் கூடாது என்பது அவள் வளர்ந்த வீட்டின் ஒழுங்கு. வாடகை வீட்டுக்காரரிடம் போய் இதைச் சொல்லவா முடியும்? இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு பக்கம் திரும்பிக் கோணலாக உட்கார்ந்தே காலம் தள்ளினாள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஒரு வாரம் அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தால் நல்லது.

அவள் கணவர் அப்துல் சமத் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். பாங்கில் கடன் கிடைக்கும் என்று உறுதியானதும், வீட்டை நீயே பார் என்று அவளிடம் விட்டுவிட்டார். அவருக்கு ஒரு நிபந்தனையும் கிடையாது. அவளுக்கு ஒன்றே ஒன்று: சொந்த வீட்டிலாவது நேராக உட்கார வேண்டும்.

மகள் மஹ்விஷ், வீடு விற்கும் ஆப் ஒன்றை அம்மாவின் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். வாசல் எந்தத் திசை என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருந்தது. நீச்சல்குளம் வேண்டுமா, நாய் வளர்க்கலாமா என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. கக்கூஸுக்கு மட்டும் இல்லை. படங்களிலும் சமையலறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள், கக்கூஸ் என்றால் கதவோடு சரி. எனவே விற்பவர்களுக்கு ஃபோன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். ஒரு புரோக்கர், வாங்கப் போவது வீட்டையா கக்கூஸையா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டு உருகிப்போனவள் நீரஜா மாமி ஒருத்திதான். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் இரண்டாவது மாடி ஃப்ளாட். மாமி அதை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போகிறாள்.

"இந்தக் காலத்துல திக்கு பாத்துக் கேக்கறவா யாரு இருக்கா? எங்காத்துல வடக்கு பாத்துதான் வெச்சிருக்கு. கிழக்கும் மேற்கும் ஆகவே ஆகாதுன்னு அவர் கூடவே நின்னு பண்ண வெச்சார்."

"மேற்கு ஆகவே ஆகாதும்மா," என்றாள் அஸ்மத்துன்னிசா.

மாமிக்கு வாஸ்து, இவளுக்கு கிப்லா. இருவரும் அரைமணி நேரம் ஒரே கக்கூஸில் ஒத்துப்போனார்கள். மாமி பேர் கேட்கவில்லை, இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் வந்து பார்க்கும்வரை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்று மாமி வாக்கே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்த மாமி முதலில் புர்காவைப் பார்த்தாள். அப்புறம் அப்துல் சமதின் தாடியை. அப்புறம், இவர்களுக்குப் பின்னால் வேறு யாராவது படியேறி வருகிறார்களா என்று பார்த்தாள். ஃபோனில் பேசியது நான்தான் என்று அஸ்மத்துன்னிசாவே சொல்ல வேண்டியதாயிற்று. மாமி உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் வீடு விற்றுப்போயிருந்தது. நேற்று சாயங்காலம்தான் உறவுக்காரர் ஒருவர் கேட்டாராம், மறுக்க முடியவில்லையாம்.

அப்துல் சமத் எழுந்துவிட்டார். அவள் எழவில்லை.

"பாத்ரூம் மட்டும் ஒருவாட்டி போய்ட்டு வரட்டுமாம்மா?"

மாமி கையைக் காட்டினாள். உள்ளே, சொன்னபடி வடக்கு பார்த்துதான் இருந்தது. நேராக உட்கார்ந்துவிட்டு வந்தாள். நீங்கள் சொன்னது சரிதான், வடக்குதான் என்று மாமியிடம் சொன்னாள். மாமி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், இவர்கள் படியிறங்கும்வரை வெளியே வரவில்லை.

ஒரு மாதம் கழித்தும் அந்த வீடு ஆப்பில் இருந்தது. உடனே குடியேறலாம் என்று வேறு போட்டிருந்தது. மாமியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்று குதித்த மஹ்விஷை அஸ்மத்துன்னிசா அடக்கிவிட்டாள். அவள் மாற்றிக்கொண்டது ஒன்றைத்தான். அன்றிலிருந்து முதலில் பேரைச் சொன்னாள், பிறகுதான் கக்கூஸைக் கேட்டாள். பேச்சு கக்கூஸ் வரைக்கும் போவதே அபூர்வமாகிவிட்டது. சைவக்காரர்களுக்கு மட்டும் என்றார்கள், அசோசியேஷனைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒருவர், இவள் வாயைத் திறக்குமுன்பே வீட்டைப் பற்றி விவரமாகப் பேச ஆரம்பித்தவர், பேரைக் கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

போன வாரம் அடையாறில் ஒரு வீடு. விற்பவர் டில்லிபாபு என்று ஒருவர். பேரைச் சொன்னாள். சொல்லும்மா என்றார். கேள்வியைக் கேட்டாள், எதற்கு என்பதையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

"மேற்கு பாத்துதாம்மா கீது," என்றார் திரும்பி வந்து.

சரிங்க என்று சொல்லி வைக்கப் போனாள்.

"இன்னாம்மா, இதுக்கா வெக்கிற? அது பீங்கான்தானே. ப்ளம்பர கூப்ட்டா திருப்பி வெச்சிட்டுப் போறான். நீ வந்து வீட்டப் பாரு."

வாடகை வீட்டிலேயே வயசு போனவளுக்கு, கக்கூஸைத் திருப்ப முடியும் என்பது அதுவரை தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றாள். மயிலாப்பூர் படியிறங்கும்போது அழாதவள், ஃபோனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதாள்.