நான் எழுதிய மூன்று கார்டுகள்

மூன்று பொய்க் கடிதங்கள் எழுதியவன் நான். மூன்றும் அஞ்சலட்டைகள். அப்போது எனக்குப் பத்து வயது. அதனால் குற்றம் சிறியதாகிவிடாது.

அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியை, பட்டணத்தில் படிக்கவைப்பார்கள் என்று சொல்லி ஒரு தரகர் அழைத்துவந்து எங்கள் வீட்டில் விட்டுப்போனார். பள்ளிக்கூடம் போனவன் நான்; பாத்திரம் தேய்த்தவள் அவள். அவளை ஒருநாளும் அடித்ததில்லை என்று அம்மா பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளை நான் அக்கா என்பேன். பதினைந்து நாளுக்கொருமுறை அம்மா அவளிடம் ஒரு கார்டைக் கொடுப்பாள். மத்தியானம், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அவள் சொல்ல, நான் எழுதவேண்டும்.

முதல் கார்டுக்கு, “எம்மா, கண்ண மூடினா தூக்கம் வர்ல, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே கீது. வந்து என்ன இட்டுக்கினு போ” என்றாள். நான் எழுதியது: “அன்புள்ள அம்மாவுக்கு, நான் இங்கு நலம். தங்கள் நலம் அறிய ஆவல். இங்கு நல்ல மழை.”

கடிதம் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆனால் அது சாக்குதான். அவள் போய்விட்டால் அடிபம்பில் தண்ணீர் பிடிப்பது மறுபடி என் தலையில் விழும். எழுதி முடித்ததும், அவள் சொன்னதையே வரி மாறாமல் வாசிப்பதுபோல் நடித்தேன்.

பிறகு சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி அவள் வலது கையில் கொட்டியது. அம்மா என் மைப்புட்டியைத் திறந்து நீல மையைத் தடவினாள். வைத்தியம் அதோடு முடிந்தது. இரண்டாவது கார்டில் கை வெந்ததைச் சொன்னாள். மூன்றாவதில் சீழ் பிடித்ததைச் சொன்னாள். இரண்டிலும் அவளை நலமாகவே வைத்திருந்தேன்.

நான்காவது முறை அவள் பேசவில்லை.

“இன்னாக்கா எழுதணும்?”

“ஒண்ணும் வேணாம் தம்பி.” சுவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

அன்றுதான் பயந்தேன். அவள் மூன்று முறை சொன்னதையெல்லாம் பொடி எழுத்தில், ஓரம்கூட விடாமல் நானே எழுதித் தபால்பெட்டியில் போட்டேன்.

ஐந்தாம் நாள் அவள் அம்மா வாசலில் நின்றாள். மகளின் கையைப் பார்த்ததும் அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகள் வெளியே வந்தன.

“நல்லாக்கீறேன் நல்லாக்கீறேன்னு மூணு காயிதம் போட்டியேடி! இது இன்னாடி கை?”

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். “சும்மாதாம்மா போட்டேன்” என்றாள்.

அன்றே போய்விட்டார்கள். மறுநாள் நான் தண்ணீர் பிடித்தேன். இரண்டு குடம், அவ்வளவுதான்.

நான்கு முறை எழுதிய முகவரி மறக்கவில்லை. போன வருடம், அறுபது வருடம் கழித்து, அந்த ஊருக்குப் போனேன். அக்கா இருந்தாள். ஆஸ்பத்திரியில் கை பிழைத்துவிட்டது. இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அந்தக் கையால்தான் எனக்கு டீ கொடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள்.

“அப்பவே தெரியும் தம்பி. நான் மூச்சுவுடாம சொல்லிக்கினே இருப்பேன், நீ நாலு வரில முடிச்சிருவ. எழுத்து தெரியலன்னா கண்ணுமா தெரியாது?”

“அப்புறம் ஏன்க்கா திரும்பத் திரும்பச் சொன்னீங்க?”

“சொல்லாம இருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும். அந்த ஊட்ல என் பேச்ச உக்காந்து கேட்டவன் நீ ஒருத்தன்தானே.”

அந்தக் கல்லின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது எதற்கு என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வடக்கே வேலை பார்த்ததில் எனக்கு இந்தி வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், அம்பத்தூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு நடக்கும் மருத்துவ முகாமில் மொழிபெயர்க்கிறேன். ஒரு பட்டறையில் மாதக்கணக்கில் பூட்டிவைக்கப்பட்டு மீட்கப்பட்ட ஜார்க்கண்ட் பையன் ஒருவன் வந்தான். முதலில் “நன்றாக இருக்கிறேன்” என்றான். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அரைமணி நேரம் பேசினான்.

“சுருக்கமா என்ன சார் சொல்றார்?” என்றார் டாக்டரம்மா.

“சுருக்கம் கிடையாதும்மா” என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு வந்தவன், இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன் என்றான். அதையும் அப்படியே சொன்னேன்.