செப மேசையில் ஒரு இத்தாலிக்காரி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மனைவி, பக்கத்து ஊரான திராமனிலிருந்து வந்திருந்த அவளுடைய தங்கச்சி, செப மேசையில் மாதா. வேறு ஒருவரும் இல்லை.

மறுநாள் மனைவிக்குக் கார் ஓட்டும் சோதனை. இரண்டு தரம் தவறியிருந்தாள். இந்தத் தரம் பாஸானால் மாதாவுக்கு ஐந்நூறு குரோனர் காசு என்று நேர்த்தி வைத்திருந்தாள். மேசையில் இருந்த மாதா படம், இத்தாலியில், பலெர்மோவில் தம்பி வீட்டுக்குப் போன நேரம், கோயில் வாசல் கடையில் நான் வாங்கிவந்தது. நீல முக்காடு, கலங்கின கண். பின்பக்கம் ஏதோ அச்சடித்திருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இத்தாலி எங்கே வாசிக்கிறது?

பின்னேரம் டிவியில் ஒரு பழைய இத்தாலி நடிகையின் வாழ்க்கையைக் காட்டினார்கள். மீன் விற்றவளின் மகளாம். சப்பாத்துக் கடையில் வேலைக்கு நின்றவளை ஒரு டைரக்டர் கண்டு கூட்டிப்போனாராம். பிறகு படங்கள், பரிசுகள், மூன்று கலியாணம். வயது ஏறி நாயகி வேடம் நின்றபோது மாதாவாக நடித்தாவாம். திரையில் நீல முக்காடு வந்தது. அதே கண். செப மேசையில் இருந்த படம் இவவுடையதுதான்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி காணமுன் அணைக்க ரிமோட்டைத் தேடினேன். மச்சாள் அதற்கு மேலேதான் குந்தியிருந்தாள்.

"அத்தான், உங்கடை மாதா டிவியிலை நிக்கிறா!"

"சத்தம் போடாதை. அக்கா அறிஞ்சால் நாளைக்குப் போகமாட்டாள்."

"மூண்டு கலியாணமாம். இவவுக்கோ இவ்வளவு நாளும் மெழுகுதிரி கொளுத்தினனீங்கள்?"

ஈரக் கையோடு மனைவி குசினி வாசலில் நின்றாள். எப்போது வந்தாளோ!

டிவியில் நடிகை, இப்போது நல்ல கிழவி, கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தா. முதல் படத்தில் மலைப்பாதையில் கார் ஓட்ட வேண்டுமாம், ஓட்டத் தெரியாதாம். ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்களாம். கால் நடுங்கினபடி, முகத்தை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தாவாம்.

மனைவி மாதா படத்தைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். நான் கதிரையை இறுக்கிப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, சோதினைக்காரனும் முகத்தைத்தானே பாக்கப்போறான்," என்றாள்.

மறுநாள் அப்படி நிமிர்த்தின முகத்தோடேயே போய்ப் பாஸாகி வந்தாள். வந்ததும் நேர்த்தியைப் பிரித்தாள். "பாதி கோயில் காணிக்கைப் பெட்டிக்கு. மற்றப் பாதி அந்த மனிசிக்கு. விலாசம் தேடித் தாங்கோ."

ஒரு நடிகைக்கு என்னவென்று எழுதிக் காசு அனுப்புவது? அவ கோபிப்பாவோ, மாதா கோபிப்பாவோ என்ற யோசனையில் இன்னும் தேடவில்லை. படம் மேசையிலேயே இருக்கிறது. அவவுக்குப் பாக்கி இருநூற்றைம்பது குரோனர்.