வழுக்குப் பாறையில் அத்தானும் மச்சினனும்

போன வாரம் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மழையில் நனைந்து வந்திருந்தார். அவர் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலமும் நனைந்திருந்தது. அந்த ஈரப் புகையிலை வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை தன்னால் கீழே போய்க் கெண்டைக்காலைத் தடவியது. அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறது. பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏது அட்டை? மனுஷர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார்.

பொதிகை மலைக்குப் போகிறவர்கள் அப்போதெல்லாம் அட்டைக்குப் பயந்து, புகையிலை ஊறிய தண்ணீரில் முக்கின காலுறைதான் போடுவார்கள். நான் போனது ஒரே தடவை, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரையில். பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் மிஷினில் வேலை எனக்கு. மலைக்கென்றே கான்வாஸ் ஷூ வாங்கி, அழுக்காகிவிடக் கூடாதே என்று காரையாறு அணை வரைக்கும் கையில் தூக்கிக்கொண்டு போன ஆள் நான். அதிலிருந்தே என் மலையேற்ற லட்சணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

கூட வந்தது இரண்டு பேர். இசக்கி அதே பட்டறையில் வெல்டர், என் வயசுக்காரன். இன்னொருவர் சுப்பையா, இசக்கியின் அக்கா பேச்சியைக் கட்டியவர். லாரி ஓட்டினார். ஓங்குதாங்கான ஆள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், நன்றாகப் பாடுவார், வீட்டுக்குப் போனால் அடிப்பார். அந்தப் பங்குனியில் பேச்சியக்காவின் இடது கையை முறுக்கி ஒடித்துவிட்டார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, டீ குடித்து, கட்டுப் பிரித்ததும் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்றார்கள். இசக்கி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டான்.

அவனே கொஞ்ச நாள் கழித்துப் போய் அத்தானை மலைக்குக் கூப்பிட்டபோது, சமாதானத்துக்குத்தான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். "நீரும் வாரும் வே," என்று என்னையும் கூப்பிட்டான்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டால் மறுநாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும். வழியெல்லாம் இசக்கியின் கண் அப்படித்தான் சிவந்து கிடந்தது. வேலைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் அணையைக் கடந்து, பாணதீர்த்தம் அருவிக்கு மேலே ஏறினால் காடு. அட்டைகள் புகையிலையையும் தாண்டி ஏறின. பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் வடிந்து, என் வெள்ளை ஷூ முதல் நாளே சிவப்பு ஷூவாகிவிட்டது. சுப்பையா பாடிக்கொண்டே வந்தார். என் கையைப் பிடித்து ஓடையெல்லாம் தாண்ட வைத்தவர் அவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மறுநாள் மத்தியானம் ஈத்தை என்கிற மெல்லிய மூங்கில் காடு முடிந்து மொட்டைப் பாறை வந்தது. காற்று ஆளை அறைந்தது. எங்களோடு புறப்பட்ட அம்பாசமுத்திரத்துக் கூட்டம் எப்போதோ மேலே போய்விட்டது. என் நடை அப்படி.

உச்சிக்குக் கீழே ஒரு வழுக்குப் பாறை. மேலே ஒரு மரத்தில் கட்டி வடக்கயிறு தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்துப் பாறையில் காலை ஊன்றி ஏற வேண்டும். இடது பக்கம் வெறும் மேகம். இசக்கி முதலில் ஏறி, மேலே ஒரு திட்டில் நின்றான். அடுத்து சுப்பையா. அவருக்குக் கீழே நான். மழை தூற ஆரம்பித்திருந்தது.

சுப்பையாவின் கை திட்டை எட்டியதும் இசக்கி குனிந்து தூக்கிவிடுவான் என்று பார்த்தேன். அவன் அந்தக் கையின்மேல் காலை வைத்தான்.

"அக்கா கைய எந்தக் கையால முறுக்குனிய அத்தான்?" என்று கேட்டான். சத்தமே போடவில்லை.

சுப்பையா கெட்ட வார்த்தையில் ஏசினார். இசக்கி குதிகாலைத் தூக்கி ஓங்கி மிதித்தான். விரல் நொறுங்கின சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. கயிற்றில் ரத்தம் இறங்கி வந்து என் கையில் பிசுபிசுத்தது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

"சொல்லுலே. எந்தக் கை?"

அவன் வாயிலிருந்து அத்தானுக்கு 'லே' வந்தது அன்றைக்குத்தான். மறுபடியும் மிதித்தான். சுப்பையா சறுக்கி அப்படியே என்மேல் வந்து விழுந்தார். என் முகம் பாறையில் மோதி முன்பல் ஒன்று உடைந்தது. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் அவருடைய இடுப்பு பெல்ட். என் கையிலிருந்த கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வழுவியது. "எம்மா, எம்மா," என்று சுப்பையா அலறினார்.

இசக்கி இறங்கி வந்தான். எப்படி வந்தான் என்று தெரியாது, வந்து அவர் சட்டைக் காலரைப் பற்றித் திட்டுக்கு இழுத்துப் போட்டான். நானும் தவழ்ந்து ஏறினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களானால் நீங்களும் என்னைப் போலத்தான். சுப்பையாவுக்கு மூச்சு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், இசக்கியின் வயிற்றில் உதைத்தது. ஒரு கட்டில் அகலம்கூட இல்லாத இடத்தில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். கடித்தார்கள். இசக்கி ஒரு கல்லை எடுத்து ஓங்க, நான் அந்தக் கையில் தொங்கினேன்.

அப்போதுதான் உச்சியில் இடி விழுந்தது. வெள்ளையாக ஒன்று, அப்புறம் காது அடைத்துப்போனது. உச்சியிலிருந்து ஒரு கல் உருண்டு எங்கள் தலைக்கு மேலாகப் போயிற்று. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் குப்புறக் கிடந்தோம். ஆலங்கட்டி முதுகைப் பொத்துவிடுவது போல அடித்தது. அடியில் சுப்பையா நடுங்கினார், மேலே இசக்கியும் நடுங்கினான். நடுவில் கிடந்த எனக்கு எது யாருடைய நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உச்சியைப் பார்க்காமலே இறங்கினோம். சுப்பையாவின் காலும் பிசகியிருந்தது. இசக்கிதான் துண்டால் கட்டி முதுகில் சுமந்தான், முடியாதபோது நான். மலை பொறுமையைச் சொல்லித்தரும், ஆணவத்தை அடக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்குச் சொல்லித்தந்தது வேறு. ஒருத்தனைத் தள்ளிவிட ஒரு குதிகால் போதும். அவனைக் கீழே கொண்டு சேர்க்க இரண்டு பேருடைய முதுகெலும்பு வேண்டும்.

ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது இசக்கி என்னிடம் சொன்னான்: "விழுந்தா விழட்டும்னுதாம் வே இருந்தேன். எம்மான்னு கத்துனான் பாத்தீரா, எங்க அக்காவும் அப்படித்தான் கத்துவா."

ஊரில் சுப்பையா, பாறையில் வழுக்கிவிட்டது என்றே சொன்னார். கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னார். ஆனால் பேச்சியக்கா என் உடைந்த பல்லைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், என்னிடமிருந்து உண்மையைக் கறந்துவிட்டாள். தம்பியைக் கொண்டாடுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டுப் போடாத கையால் பளாரென்று ஓர் அறை.

"எங்கிட்ட கேட்டியாலே? அவரு செத்து நீ ஜெயிலுக்குப் போனா, நான் யாரைக் கட்டி அழ?"

அதே மூச்சில், புருஷன் வீட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்றும் சொன்னாள். பெரியவர்கள் மறுபடியும் டீ குடித்துப் பார்த்தார்கள். அவள் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ரொம்ப வருஷம் கழித்து, இசக்கி மஞ்சள்காமாலையில் போன பிறகு, அக்கா ஒருநாள் என்னிடம் வந்து அந்தப் பாறையைப் பார்க்க வேண்டும் என்றாள். "என் பேரைச் சொல்லி அடிச்சுக்கிட்ட எடத்த நான் பாக்காண்டாமா தம்பி?" கூட்டிப் போனேன். மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாதையை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். புலிக்காடு, யாரும் போகக்கூடாது என்று வனக் காவலர் சொன்னார். படகும் இல்லை. அணைக்கரையில் நின்று, மேகத்துக்குள் லேசாகத் தெரிந்த உச்சியைக் கை நீட்டிக் காட்டினேன். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்புட்டு ஒசரத்துக்குப் போயா சண்ட போட்டிய?" என்றாள். "வாசல்ல வச்சுப் போட்டிருந்தா நானும் பாத்திருப்பேம்லா."

இப்போது அவளும் இல்லை. பாதையில் ஈத்தை மண்டிக் கிடக்கிறதாம். யானை மட்டும் போகிறது என்கிறார்கள்.