சண்டை ஓய்ந்த கணினி

கணினி விளையாட்டை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை அடிக்கிறேன். விட்ட கதையை மட்டும் சொல்வதில்லை.

தச்சநல்லூர் வீட்டில் உட்கார்ந்தபடியே தினமும் நாலு கோட்டைகளைப் பிடித்த நாற்பது வயது வீரன் நான். என் மனைவி செல்வியின் கைபேசியில் இடமில்லாமல் போனபோது, மறைந்த அவள் அப்பாவின் ஒரே காணொளியை என் கணினிக்கு மாற்றினேன். விளையாட்டின் கோப்புறையை யாரும் தொடமாட்டார்கள் என்று அதற்குள்ளேயே வைத்தேன்.

ஒருநாள் திருந்திவிட முடிவெடுத்துக் கணினியிலிருந்து விளையாட்டை நீக்கினேன். கோப்புறையோடு காணொளியும் போயிற்று. "ஒண்ணும் மிஞ்சல அண்ணாச்சி" என்று கணினிக் கடைக்காரர் கைவிரித்தார்.

செல்வியிடம் சொன்னபோது எனக்கு ஒரு நக்கலும் வரவில்லை. அவள், "அதுல அப்பா என்ன சொன்னாவன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்து மாமா என்னைக் கூப்பிடுவார். "மாப்ளே, அங்கன சண்டை ஓஞ்சதும் பைய வாங்க. சேந்து சாப்பிடுவோம்."

"இந்தா வந்துட்டேன் மாமா" என்று என் குரலும் அதில் கேட்கும். நான் போகவில்லை. அவர் தனியாகத்தான் சாப்பிட்டு எழுந்தார்.

இப்போதெல்லாம் செல்வி சாப்பிடக் கூப்பிட்டால் முதல் குரலிலேயே எழுந்துவிடுகிறேன்.