அக்கா பெயரில் வந்த பிழை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். தண்ணீர் பாட்டிலைத் திறக்குமுன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வீட்டுக்காரர் காரணமில்லாமல் சிரித்தால்கூட, "என்ன விஷயம்?" என்பாராம். பாவம் அந்த மனுஷன்.

நாங்கள் பேருந்து டிக்கெட் மென்பொருள் எழுதுகிறோம். யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் 'கிட்' என்ற மென்பொருள் இருப்பதால், ஆளுக்கொரு முழுப் பிரதி அவரவர் கணினியில் இருக்கும். செய்த மாற்றத்தைப் பெயரோடு அங்கேயே பதிந்துவிட்டு, பிறகு பொதுவில் சேர்ப்போம். அக்கா பெயரில்தான் எல்லாரையும்விட அதிகப் பதிவுகள். அதை வைத்தே அவரை அணித்தலைவர் ஆக்குவதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போய்விட்டது. பிழையான மாற்றத்தைத் தேடிப் பிடித்தால், மேலே அக்கா பெயர்!

"நான் எழுதவே இல்ல சார். யாரோ என் பேரைப் போட்டிருக்காங்க" என்று கொதித்தார். மேனேஜர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

அக்காவின் கண் பக்கத்து இருக்கைக்குப் போனது. அங்கே இருப்பவன் வாயே திறக்கமாட்டான். 'ஊமைக்கோட்டான்' என்பது அக்கா வைத்த பெயர். அவன் கணினியைத் திறந்து, பதிவுகளில் தானாக ஏறும் பெயர் இருக்கிற செட்டிங்ஸ் ஃபைலைப் பார்த்தார். அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்காவின் பெயர்.

"பாத்தீங்களா சார்? கையும் களவுமா பிடிச்சுட்டேன்!"

ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தான். "அக்கா, நான் சேர்ந்த அன்னிக்கு 'நீயா எதையும் தொடாதே, கெடுத்துருவே'ன்னு சொல்லி, உங்க செட்டிங்ஸ் ஃபைலை நீங்கதானே அப்படியே காப்பி பண்ணிக் குடுத்தீங்க? நான் இன்னைக்கு வரைக்கும் தொடலக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அப்போ அவன் சேர்ந்ததுலேர்ந்து செஞ்ச வேலையெல்லாம் உங்க பேர்லதான் வந்திருக்கு" என்றார் அவர். "பஸ் தேடுறதை வேகமாக்கினது யாரு? அதுக்குத்தானே கூட்டத்துல எல்லாரும் உங்களுக்குக் கைதட்டினோம்?"

ஊமைக்கோட்டான் தரையைப் பார்த்தான். அவனைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல்முறையாகக் குரல் இறங்கிப் பேசினார்.

"அது நான் எழுதினது இல்லையேன்னு எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு சார். அந்த ஒண்ணை மட்டும் நான் யார்கிட்டயும் கேக்கல."