சித்தி ஓட்டிப் போன ஸ்கூட்டர்

எங்கள் வீட்டு ஸ்கூட்டர் எனக்கென்று பேசிவைத்த சொத்து. பதினெட்டு வயதானதும் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் பத்து வருஷம் இருந்தது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. அப்போதுதான் பொம்மனஹள்ளியிலிருந்து சித்தி ஒரு துணிப்பையோடு மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உடம்பு சரியில்லை என்று எனக்குச் சொன்னார்கள். சித்தப்பா குடித்துவிட்டு அடித்தார் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது.

ஞாயிறுதோறும் சித்தப்பா வருவார். எனக்குச் சிப்ஸ் பாக்கெட், மற்றவர்களுக்குக் கண்ணீர். குடியை அடியோடு விட்டுவிட்டாராம்.

"இன்னொரு தபா போய்ப் பாரேன்டி," என்றாள் அம்மா.

"போறேன்க்கா. லைசன்ஸ் வரட்டும்," என்றாள் சித்தி.

இதென்னடா கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அப்பா சாவியைக் கொடுத்தார். காலை வேளைகளில் மைதானத்தில் சித்தி எட்டு போட்டுப் பழகுவாள், பின்னால் பாரத்துக்கு நான். விழுந்து என் முழங்கால் சிராய்ந்ததைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. முதல் டெஸ்டில் பாதி எட்டிலேயே காலை ஊன்றிவிட்டாள். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கையசைத்து அனுப்பிவிட்டார். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. ஒரு டெஸ்டுக்கு இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. மறுபடி போனாள். இந்த முறை கால் தரையில் படவில்லை.

லைசன்ஸ் வந்ததும் சித்தப்பா ஆட்டோவோடு வந்து நின்றார். பையை வாங்கக் கை நீட்டினார். சித்தி கொடுக்கவில்லை, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க முன்னால போங்க. நான் வண்டியில வர்றேன்."

"ஆட்டோதான் இருக்குதே, அது எதுக்கு?"

"இருக்கட்டும்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

என் சொத்து தெருமுனை திரும்பிப் போய்விட்டது. எனக்குத் தருவதாகச் சொன்னீர்களே என்று அப்பாவைப் பிடித்து உலுக்கி ஓவென்று அழுதேன். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வண்டி போனதில் வருத்தம்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழாதடா. இனிமே அவ நெனச்ச நேரத்துக்குக் கெளம்பி வந்துடலாம். யாரையும் கேக்க வேணாம்," என்றாள் அம்மா.

அப்படியானால் வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டி வீட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, நான் அழுகையை நிறுத்தினேன்.